மணி தெறிக்கும்போது கேமரா எங்கே நிற்கும்?

11ஆம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பள்ளியும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

செய்யுள் என்றாலே முகம் சுளிக்கிற வகுப்பு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் நீதி கேட்டு வழக்காடும் பகுதியான வழக்குரை காதையை நடத்த வேண்டும். பிள்ளைகளின் கையில் எந்நேரமும் செல்போன் இருக்கிறது, அதையே பாடமாக்கிவிடலாம் என்று 42 பேரை 6 குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு 10 நிமிட வீடியோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் ஓடிவிட்டது. வந்த வீடியோக்களில் ஒட்டுமுடி, ஸ்லோ மோஷன், சினிமாப் பாட்டு எல்லாம் இருந்தன. இளங்கோவடிகளின் வரி ஒன்றுகூட இல்லை. 4 குழுக்கள் மதுரை எரிவதைத்தான் எடுத்திருந்தன. அதில் ஒரு குழு பள்ளிக்குப் பின்னால் காகிதத்தைக் குவித்து நிஜமாகவே கொளுத்தியிருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் இரண்டு மூன்று பேர் வேலை செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பிறகு வந்த தேர்வில் அந்தப் பாடத்தில் மதிப்பெண் கூடவில்லை. இருந்ததில் நன்றாக வந்த வீடியோவை யூடியூபில் ஏற்றியிருக்கிறார். பின்னணிப் பாட்டுக்கு உரிமை கோரி அறிவிப்பு வந்திருக்கிறது. கண்ணகியாக நடித்த மாணவியின் அப்பா கோபமாகப் பள்ளிக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியர், "இனிமேல் இந்த வேலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆசிரியை கேட்பது இதைத்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், பார்க்கத்தான் செய்வார்கள். அவர்கள் வழியில் போனது தப்பா? நல்ல கேமராவும் எடிட்டிங் தெரிந்த ஆளும் இருந்திருந்தால் சரியாக வந்திருக்குமா? பாடத்துக்காகத்தானே பாட்டைப் போட்டோம், அதில் சட்டச் சிக்கல் வருமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழையபடி பதவுரை, பொழிப்புரை என்று நடத்திவிடட்டுமா?

அன்புள்ள டீச்சர்,

விட்டுவிட வேண்டாம். போன முறை செய்த மாதிரியே இன்னொரு தடவை செய்யவும் வேண்டாம். நானும் 20 வருடம் வகுப்பறையில் நின்றவள், இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு மாதம் விடுமுறை நாள்கூடப் பார்க்காமல் பிள்ளைகளோடு நின்றிருக்கிறீர்கள். அந்த உழைப்பு எனக்குத் தெரிகிறது.

முதலில் ஒரு வேலை. அந்த வீடியோவை யூடியூபிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, பாடத்துக்கு வருவோம். "பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், பார்க்கத்தான் செய்வார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணகி கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிலம்பு, பாண்டியன், எரிந்த மதுரை எல்லாம் சின்ன வயதிலேயே காதில் விழுந்தவை. தெரிந்த கதையை எடுக்க நூலைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்கு உங்கள் கடிதத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. நீங்கள் கொடுத்தது வழக்குரை காதை. மதுரை எரிவது அதில் இல்லை! அடுத்து வரும் வஞ்சின மாலையிலும் அழற்படு காதையிலும்தான் நெருப்பு வருகிறது. 4 குழுக்கள் பாடத்திலேயே இல்லாத காட்சியை எடுத்து வந்திருக்கின்றன, யாருக்கும் அது உறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். நூலைத் தொடாமலே முடித்துவிடக்கூடிய வேலையை நாம் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த முறை, நூலைத் திறக்காமல் எடுக்கவே முடியாத வீடியோவைக் கேளுங்கள்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு, நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அந்த ஆசிரியர் கதையை எடுக்கச் சொல்லவில்லை. வழக்குரை காதையிலிருந்து சில வரிகளை மட்டும் பலகையில் எழுதினார்.

கண்ணகி
அணிமணிக் காற்சிலம்பு உடைப்ப மன்னவன்
வாய்முதல் தெறித்தது மணியே, மணிகண்டு
தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்

"இதற்கு 5 ஷாட் தருகிறேன். ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது, ஏன்? பேப்பரில் எழுதுங்கள். செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார்.

முதல் 5 நிமிடத்தில் எல்லாக் குழுவும் எழுதியது ஒன்றுதான்: கண்ணகியின் கோபமான முகம், குளோசப். ஒரு மாணவி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதுல கண்ணகி முகமே இல்லையே" என்றாள். உண்மைதான். அந்த இடத்தில் இளங்கோ அவள் முகத்தைக் காட்டவில்லை. சிலம்பு உடைகிறது, உள்ளே இருந்த மாணிக்கம் தெறிக்கிறது, மன்னன் வாயில் போய்ப் படுகிறது. அப்புறம் குடை தாழ்கிறது, செங்கோல் தளர்கிறது. அதற்கும் பிறகுதான் "யானோ அரசன் யானே கள்வன்" என்று மன்னன் வாய் திறக்கிறான். ஷாட் வரிசையைக் கவிஞரே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பக்கத்தில் இருந்த பையன், "ஏன் சார் வாய்ல பட்டுச்சு? மார்புல பட்டிருக்கலாம், கிரீடத்துல பட்டிருக்கலாம்" என்றான். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. "மன்னன் இதற்கு முன்னால் எப்போது பேசினான், தேடிப் பார்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குழு 4 காதை பின்னால் போனது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல், "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று ஆணையிட்டது அதே வாய்தான். பாண்டியன் சிலம்பில் இருந்தவை முத்துகள். தெறித்து வந்தது மாணிக்கம். ஆணையிட்ட வாயில் சாட்சி வந்து விழுகிறது.

அந்தக் குழுவின் வீடியோ 40 வினாடிதான் இருக்கும். முதல் ஷாட்டில் ஒரு வாய் மட்டும் தெரிகிறது, அது அந்த ஆணையைச் சொல்கிறது. நடுவில் இரண்டு கைகளும் சிலம்பும். தரையில் உருளும் ஒரு சிவப்புக் கல். கடைசி ஷாட்டில் முதல் ஷாட்டின் அதே கோணத்தில், அதே தூரத்தில், அதே வாய். இந்த முறை அது மூடியிருக்கிறது. யாருடைய முகமும் முழுசாகத் தெரியவில்லை, ஒட்டுமுடியும் இல்லை. மனப்பாடம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் 14 டேக் எடுத்த பிள்ளைகளுக்கு அந்த வரி மறக்குமா?

வழக்குரை காதை முழுக்க இப்படிக் கேமராவுக்கு வேலை இருக்கிறது. அந்தக் காதை அரசவையில் தொடங்கவில்லை, பாண்டியனின் தேவி கண்ட கெட்ட கனவில் தொடங்குகிறது. குடையும் கோலும் விழுகின்றன, பகலில் விண்மீன் விழுகிறது. அப்போது நாம் யார் கண் வழியாகப் பார்க்கிறோம்? பிறகு கண்ணகி வருகிறாள். ஆனால் மன்னன் அவளை முதலில் பார்ப்பதில்லை, கேட்கிறான். வாயில்காவலன் உள்ளே ஓடிவந்து, கொற்றவை அல்லள், இன்னார் அல்லள் என்று அடுக்கிக்கொண்டே போய், "கணவனை இழந்தாள் கடையகத் தாளே" என்று முடிக்கிறான். அவனுக்கு அவள் யாரென்று தெரியவில்லை, பயம் மட்டும் தெரிகிறது. அந்த இடத்தில் கண்ணகியைக் காட்டினால் காட்சி கெட்டுவிடும். காவலன் முதுகைக் காட்டுவதா, கேட்கும் மன்னன் முகத்தைக் காட்டுவதா என்று இரண்டு குழுக்களை வாதாட விடுங்கள். ஒரு பீரியட் போவதே தெரியாது.

சிலப்பதிகாரம் பெரிதாகத் தோன்றினால் குறுந்தொகையின் 40ஆம் பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். "யாயும் ஞாயும் யாரா கியரோ" 5 வரிதான். கொடுத்த உடனே பிள்ளைகள் செம்மண்ணையும் மழையையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்போது கேளுங்கள்: முதல் 3 வரியிலும் மழை இருக்கிறதா? இல்லை. என் தாயும் உன் தாயும் யார், நம் தந்தையர் எப்படி உறவு, நாம் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம் என்று கேள்விகள்தான் இருக்கின்றன. 4ஆம் வரியில்தான் செம்புலத்தில் பெயல்நீர் விழுகிறது. முதல் ஷாட்டிலேயே மழையைக் காட்டிவிட்டால் 4ஆம் வரிக்கு என்ன மிச்சம் இருக்கும்? இது யார் கூற்று, யாரிடம் சொல்லியது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று முடிவு செய்ய அது தெரிந்தே ஆக வேண்டும்.

நல்ல கேமரா இல்லையே என்ற கவலையை விடுங்கள். குழுவுக்கு ஒரு சாதாரண செல்போன் போதும், யாரையும் புதிதாக வாங்கச் சொல்லக் கூடாது. ஜன்னலுக்கு எதிரே முகம் இருக்கட்டும், ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துப்போகும். மாணவர் வீடியோக்கள் பெரும்பாலும் கெடுவது சத்தத்தில்தான். தூரத்திலிருந்து எடுத்துவிட்டு வசனம் கேட்கவில்லை என்பார்கள். செய்யுள் வரிகளைத் தனியாக, போனை வாயருகே வைத்துப் பதிவு செய்து பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். சீர் பிரித்து, உச்சரிப்புக் கெடாமல் வாசிக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தங்கள் குரலைத் தாங்களே திரும்பக் கேட்டால் ழகரம் தானாகத் திருந்தும்.

10 நிமிட வீடியோ வேண்டவே வேண்டாம். 10 முதல் 20 வரி, 90 வினாடிக்குள் வீடியோ. ஒரு மாதமும் வேண்டாம், 6 பீரியட் போதும். இரண்டு பீரியட் வாசிப்பு, ஒன்று ஷாட் தாள் எழுத, ஒன்று படம்பிடிக்க, ஒன்று எடிட்டிங், கடைசி ஒன்று பார்த்துப் பேச. ஷாட் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் எந்தக் குழுவும் போனை எடுக்கக் கூடாது. எல்லாமே பள்ளி வளாகத்துக்குள், பாட நேரத்தில், உங்கள் கண் முன்னால். நெருப்பு, மொட்டை மாடி, சாலை மூன்றும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காகிதம் கொளுத்திய செய்தியைப் படித்தபோது எனக்குப் பதைத்துவிட்டது. யாருக்கும் காயம் படாமல் போனது நல்ல காலம்.

பாத்திரங்களை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதிலும் ஒரு வார்த்தை. சிவப்பாக இருக்கிற பெண்தான் எப்போதும் கண்ணகி, உயரமான பையன்தான் மன்னன் என்று வகுப்பு தானாகவே முடிவு செய்துவிடும். ஒதுங்கி நிற்கிற பிள்ளைக்கு அது வலிக்கும், வெளியே சொல்லவும் மாட்டாள். கைகள், நிழல், குரல், வரைந்த படம் என்று எடுத்தால் இந்தப் பிரச்சினை பாதி குறைந்துவிடும்.

மதிப்பெண்

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். பெரிய பங்கைத் தனி ஆளின் எழுத்துக்குக் கொடுங்கள். 20 மதிப்பெண் என்றால் 12 அதற்கு: படம்பிடிப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் அரைப்பக்கம் எழுத வேண்டும். நான் தேர்ந்தெடுத்த வரி எது, அதில் எனக்குப் புரியாமல் இருந்த சொல் எது, இந்த ஷாட் ஏன்? வீடியோவைப் போட்டுக் காட்டும்போது எழுந்து நின்று பதில் சொல்வதற்கு 4. வீடியோவுக்கு மொத்தக் குழுவுக்கும் 4 போதும். எடிட்டிங் அழகுக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். வீட்டில் நல்ல போன் இருக்கிற பிள்ளைக்குத்தான் அது போய்ச் சேரும்.

தேர்வில் மதிப்பெண் கூடவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். ஒரு தேர்வை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் செய்யுள் வரியைத் தொடாத வீடியோவால் செய்யுள் வினாவுக்கு என்ன பலன் கிடைத்திருக்கும்? இந்த முறை அரைப்பக்கத் தாள்களைச் சேர்த்து வையுங்கள். தேர்வுக்கு முன்னால் அவையே திருப்புதல் குறிப்பாகும்.

பாட்டும் பதிப்புரிமையும்

பாடத்துக்காக என்றால் எதையும் பயன்படுத்தலாம் என்பது தவறான எண்ணம். வகுப்புக்குள் போட்டுக் காட்டுவதற்குப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. அதையே உலகம் முழுக்கப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். ஒரு சினிமாப் பாட்டில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை இருக்கிறது. 30 வினாடிக்குள் என்றால் பரவாயில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள், அப்படி ஒரு விதி கிடையாது. உங்களுக்கு வந்தது யூடியூப் தானாகவே பாட்டை அடையாளம் கண்டு அனுப்பும் உரிமை கோரல் என்றுதான் தெரிகிறது. அது வழக்கு இல்லை, பயப்படாதீர்கள். பெரும்பாலும் அதன் விளைவு விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போவதும், சில நேரம் பாட்டு அமுக்கப்படுவதும் அல்லது வீடியோ தடுக்கப்படுவதும்தான். நேரடியாக உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

இளங்கோவின் வரிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவை எல்லாருக்கும் சொந்தம். ஆனால் இக்காலத்து உரையாசிரியரின் உரையையோ நாடக வடிவத்தையோ அப்படியே வாசித்தால் அதற்கு உரிமைக்காரர் இருக்கலாம். எழுதியவர் காலமான பிறகும் பெரும்பாலான நாடுகளில் 50 முதல் 70 ஆண்டு வரை உரிமை நீடிக்கிறது. மூல வரியை எடுத்து, விளக்கத்தைப் பிள்ளைகளே சொந்த நடையில் எழுதட்டும். பாடத்துக்கும் அதுதான் நல்லது. இசைக்கு, நான் சொன்ன அந்தக் குழு பென்சில் டப்பாவுக்குள் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிச் சிலம்பொலி எடுத்தது. முத்துப் பரலா மணிப் பரலா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. உடைத்தால்தானே தெரியும், வழக்கே அதுதானே!

முகமும் பெயரும்

அந்த அப்பா தடைபோட வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவர் பக்கம்தான் நிற்பேன். 18 வயது ஆகாத பிள்ளையின் முகம், சீருடை, பெயர் மூன்றும் ஒரே வீடியோவில் பொதுவெளிக்குப் போயிருக்கிறது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. இணையத்தில் போனதை முழுசாகத் திரும்ப வாங்க முடியாது. யாரோ ஒரு துண்டை வெட்டி, கேலி வாசகம் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்தான். அதனால்தான் முதலிலேயே எடுக்கச் சொன்னேன். 'அன்லிஸ்டட்' என்று மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. லிங்க் கையில் உள்ள யாரும் பார்க்கலாம், யாருக்கும் அனுப்பலாம்.

அடுத்த முறை படம்பிடிப்பதற்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வகுப்பில் காட்டலாமா, பள்ளி விழாவில் காட்டலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெற்றோரோடு பிள்ளையையும் கேளுங்கள், பின்னால் மனம் மாறினால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். அந்த அப்பாவை நேரில் பார்த்து, "கேட்காமல் செய்தது என் தவறு, வீடியோவை எடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

தலைமையாசிரியர் வேண்டாம் என்றது அந்த ஒரு மாதத்தையும் யூடியூபையும்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் போகும்போது வீடியோவைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். ஒரு வகுப்பு, 6 பீரியட், எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை, தீ இல்லை, சம்மதக் கடிதம் முன்கூட்டியே கைக்கு வரும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடைசி பீரியடுக்கு அவரையும் வந்து உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைகள் வரியைச் சொல்லி வாதாடுவதை அவர் ஒரு முறை கேட்கட்டும்.

அப்புறம் அந்த மாணவி. வீட்டிலும் பள்ளியிலும் தன்னால்தான் இவ்வளவு என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். தனியாகக் கூப்பிட்டு, அப்படி இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை அவளை ஒதுக்கிவிடாதீர்கள். அப்பா சம்மதித்தால் அவள் குரலோ, சிலம்பை ஏந்தும் கைகளோ போதும். அதுவும் வேண்டாம் என்று அவர் சொன்னால், ஷாட் தாளை அவளிடம் கொடுங்கள். போன முறை கண்ணகியாக நின்றவள் அவள். கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று இந்த முறை அவள் சொல்லட்டும்.